அடுத்த பந்தி

அந்த அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். நமக்கெல்லாம் ஏறுகிற இடத்தில் அவருக்கு இறங்கும். "சரிண்ணே", "இருக்கட்டும் சார்" என்று கற்கண்டு மாதிரி ரெண்டு வார்த்தை வரும். அதைக் கேட்டதும் எதிரே நிற்கிற ஆளை நான் பாவமாகப் பார்ப்பேன். தான் செத்தது அந்த ஆளுக்கு இன்னும் தெரிந்திருக்காது.

அருப்புக்கோட்டையில் எங்கள் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒருநாள் அக்கா முதலில் கேட்டு நிற்க, பின்னால் வந்த மில்காரர் ஒருவருக்குக் கடைக்காரர் முதலில் கிளாஸை நீட்டிவிட்டார். அக்கா தன் முறை வந்ததும் வாங்கிக் குடித்தார். "டீ நல்லாருக்குண்ணே" என்றார். மறுநாளிலிருந்து தெருக்கோடியில் வேறு கடை. அங்கே டீயை வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது இந்தக் கடை வாசலில் நின்று, "என்னண்ணே, யாவாரம் எப்படிப் போகுது? மதினி சௌக்கியமா?" என்று விசாரிப்பார். கையில் மற்ற கடை டீ ஆவி பறக்கும். தினமும் இது நடந்தது. கடைசியில் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தம்மா என்னைய நாலு வசவு வஞ்சிட்டாக்கூடத் தேவலப்பா. இந்தக் குசலம் விசாரிக்கிறதைத் தாங்க முடியல" என்றார்.

எங்கள் வாட்ச்மேன் ஒரு சொல் சொல்வார்: "வேலிக்கருவையைக்கூட ஜேசிபி வச்சுப் பிடுங்கிரலாம். அந்தப் பிள்ளை மனசுல ஒண்ணு ஊணுனா ஊணுனதுதான்."

நான் பத்தாவதோடு நின்றவன். தறி ரிப்பேர் பார்த்து, பிறகு செல்போனில் வீடியோவாகப் பார்த்துச் சால்டரிங் பழகி, அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கிக்குள் சில மேசைகள், அவ்வளவுதான். தறிக்கு மேலே கேமராவை மாட்டி, துணியில் இழை அறுந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கிற பெட்டி ஒன்றைச் செய்தோம். பெட்டியைத் தறியில் மாட்டுவது நான். பெட்டிக்குள் இருக்கிற கையகலக் கம்ப்யூட்டரைப் பேச வைப்பது அக்கா. தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பெங்களூரில் வேலை பார்த்து வந்த வகையில் இங்கிலீஷ். மூன்றிலும் மெதுவாகத்தான் பேசுவார்.

அவர் பார்த்த வேலை இன்னதென்று எனக்கு விளங்கவே நாளாயிற்று. கெர்னல் என்பார், டிரைவர் என்பார்.

"கெர்னல்னா என்னக்கா?"

"சாவிக்கொத்தை இடுப்புல செருகியிருக்கிற மாமியாருன்னு வச்சுக்க. அதைக் கேக்காம அந்த வீட்டுல ஒரு அறையும் தெறக்காது."

"அப்ப டிரைவரு?"

"வெளியிலேர்ந்து வந்து நிக்கிற மெஷினுக்கும் மாமியாருக்கும் நடுவுல நின்னு பேசி, காரியத்தை நடத்துற மருமக. அதைத்தான் நான் எழுதுறேன்."

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இடத்துக்கு மெமரி என்று பேர். சாதாரண புரோகிராமுக்கு அந்த இடத்தை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று கொடுத்தாலும் கெர்னல் கோத்துக் கொடுத்துவிடும். கேமராவுக்கு அது ஒத்துவராது. "கேமரா ஜல்லி லாரி மாதிரி தம்பி" என்பார் அக்கா. "எங்க ஆரம்பிக்கணும், எம்புட்டு நீளம்னு சொல்லிட்டாப் போதும், கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டிக்கிட்டே போகும். நடுவுல எவன் படுத்திருந்தாலும் அவன் மேலயும் கொட்டிரும். அதனால ஒரே ஓட்டமா இடம் வேணும். மொத்தத்துல இடம் இருக்குங்கிறது வேற. ஒட்டுனாப்புல இடம் இருக்குங்கிறது வேற."

அந்த ஒட்டின இடத்தை, மெஷினைப் போட்டதுமே, வேறு யாரும் வந்து உட்காரும் முன்னால் ஒதுக்கிவிடுவார். கேமரா ஓடாத நேரத்தில் அது சும்மா கிடக்குமே என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வெயிலில் வெடித்துக் கிடந்த கண்மாய்.

"அது சும்மா கெடக்கா? ஆடு மேயுது. பயலுக கிரிக்கெட் ஆடுறானுக. மேயட்டும், ஆடட்டும். தண்ணி வந்தா ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கரையேறிருவாக. ஒதுக்குன மெமரியும் அப்படித்தான். கேமரா வார வரைக்கும் மத்தது வந்து உக்காந்துக்கிரலாம். கேமரா வந்துட்டா, கெர்னலு அதுகளை எழுப்பி வேற இடத்துல உக்கார வச்சிட்டு, இதைக் கேமராவுக்குக் குடுத்துரும். ஆனா கண்மாய்க்குள்ள வீடு மட்டும் கட்டக்கூடாது. எந்திரிக்க மாட்டேங்கிற ஆளை அங்க உக்கார விடக்கூடாது."

இடம் என்கிற விஷயத்தில் அவருக்கு அப்படி ஒரு கண்டிப்பு. கம்ப்யூட்டருக்குள் மட்டும் இல்லை.

ஒருமுறை வீரசோழனில் ஒரு ஜவுளி வியாபாரியைப் பார்க்க ரெண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்திருந்தார். ஏறிப் போய்ப் பார்த்தால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "கைக்குட்டைக்கெல்லாம் டிக்கெட்டு குடுப்பாகளாம்மா?" என்று சிரிப்பு வேறு. அக்கா, "இருக்கட்டும் சார், உக்காருங்க" என்றார். குரல் இறங்கியது. கண்டக்டரிடம் அந்த ஆள் திருச்சுழிக்கு டிக்கெட் வாங்கினார். கொஞ்ச தூரத்தில் காற்று முகத்தில் அடிக்க, வாயைத் திறந்து தூங்கிவிட்டார். திருச்சுழி வந்தது. கண்டக்டர் கத்தினார், கூட்டம் இறங்கியது, ஏறியது. இவர் அசையவில்லை. நான் எழுப்பக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு தம்பி. இடம் வேணும்னாரு. நல்லா உக்காரட்டும்."

வீரசோழனில் இறங்கும்போதுதான் அந்த மனுஷரின் தோளைத் தட்டி, "சார், ஊரு வந்துருச்சு" என்றார்.

சிரித்தேன்தான். இந்த அக்காவிடம் நாம் ஒருநாள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

இனி மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் மச்சினன் அவர். முதலாளி நல்ல மனுஷர், மச்சினனுக்கு மட்டும் பயந்தவர். மேனேஜருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பதில்: "பாத்துக்கிரலாம்." லீவு கேட்டால் பாத்துக்கிரலாம். கூரை ஒழுகினால் பாத்துக்கிரலாம். எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

முதலாளி மகள் கல்யாணம். மேனேஜர் தாய்மாமன், மண்டபமே அவர் கையில். அக்கா தன் அப்பாவைக் கூட்டி வந்திருந்தார். தறி மிதித்து மிதித்து முழங்கால் போன மனுஷர். கல்யாணச் சாப்பாட்டில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். அவசரப்பட மாட்டார். ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று வகையாகப் பிரித்து, பாயசத்தை இலையிலேயே வாங்கி வழித்து உண்பார். "விரதம் நம்ம வீட்டுல, விருந்து ஊரான் வீட்டுல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பந்தியில் அவர், அவருக்குப் பக்கத்தில் அக்கா, அடுத்து நான். இலைக்குத் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பும் ஊறுகாயும் வைத்து, கூட்டு பொரியல் வந்து, சோறும் விழுந்துவிட்டது. பருப்புக்காரர் பக்கத்து இலையில் நிற்கிறார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டமாக உள்ளே வந்தார்கள். இடம் இல்லாமல் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி இலை கிடந்தது. அவர்களுக்கு வரிசையாக வேண்டும். எங்கள் வரிசையில் பெரியவருக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காலி. அவர் ஒருத்தர் எழுந்துவிட்டால் கூட்டம் அப்படியே பொருந்திவிடும்.

மேனேஜர் வந்தார். பெரியவர் தோளில் கையை வைத்தார்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க. அடுத்த பந்தியில பாத்துக்கிரலாம்."

சோற்றில் கை வைத்துவிட்டவர் அவர். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் பக்கம் அடித்து விரட்டுவதற்கும் மேலே. பகையாளியைக்கூட மோர் ஊற்றிவிட்டுத்தான் என்னவென்று கேட்பார்கள். பெரியவர் மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். எழுந்தவர் ஒரு காரியம் செய்தார். சாப்பிடாத அந்த இலையை, சோறும் பொரியலும் அப்படியே இருக்க, வெளிப்பக்கமாக மடித்தார்.

நல்ல காரியத்தில் இலையைத் தன்னைப் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். உறவு தொடரட்டும் என்று அர்த்தம். வெளியே பார்த்து மடிப்பது இழவு வீட்டில். மேனேஜர் அதைக் கவனிக்கவே இல்லை, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கை காட்டப் போய்விட்டார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். தன் இலையை விட்டு எழுந்து, "வாங்கப்பா" என்றார். குரல் அடிமட்டத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு பெரியவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டால், "முழங்காலு மடங்கலப்பா" என்பார். வீட்டிலும் இலையைத் தொடவில்லை. தீபாவளி, பொங்கல் எதுவானாலும் தட்டுதான். அக்கா ஏதாவது சொன்னால், "விடும்மா, பெரிய எடத்துக் கல்யாணம்னா அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

ஒருநாள் வேலைக்கு நடுவில் அக்காவாகவே பேச்சை எடுத்தார்.

"எழுப்புறது தப்புன்னு நான் சொல்லல தம்பி. என் பொழப்பே எழுப்புற பொழப்புதான். ஆனா உயிரில்லாத கெர்னலுக்கு ஒரு மொறை இருக்கு. எழுப்புறதுக்கு முன்னால இன்னொரு இடத்தைப் பாத்து, அதுக்குரிய சாமானை அங்க கொண்டுபோய் வச்சிட்டு, பெறகுதான் இங்கேர்ந்து எழுப்பும். அன்னைக்குக் காலி இலை கெடந்துச்சுல்ல? ஒரு இலையைக் காட்டி, 'இங்க வாங்கய்யா'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிப் போயிருந்தா, எங்கப்பா சிரிச்சுக்கிட்டே போயிருப்பாரு."

கொஞ்ச நாளில் மேனேஜர் அக்காவின் மேசைக்கே வந்தார். தறிக்காரர்களையும் மில்காரர்களையும் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டப் போகிறோம், அதே கல்யாண மண்டபம், மதியம் விருந்து. அந்த நிகழ்ச்சிக்காக மதுரையில் யாரிடமோ ஒரு டிஸ்பிளே எழுதி வாங்கியிருந்தார். பெரிய டிவியில் பூ சுற்றும், தறி ஓடும், நடுவில் மேனேஜர் கும்பிட்டபடி "வருக வருக" என்று சொல்வார். அதை நம் பெட்டியிலேயே ஓட்ட வேண்டும். அதற்கு மெமரி போதவில்லை.

"நீ ஒதுக்கி வச்சிருக்கிறது சும்மாத்தானம்மா கெடக்கு? அதுல என் டிஸ்பிளேயை உக்கார வையி."

அந்த டிஸ்பிளே வீடு கட்டுகிற சாதி என்று எனக்கே தெரியும். ஒருமுறை இடத்தைப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், கெர்னல் வந்து நகரச் சொன்னாலும் நகராது. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கேமரா வந்தா அது எந்திரிக்கணும். எந்திரிக்கிற மாதிரி மாத்தி எழுதச் சொல்லுங்க. இல்லைன்னா நான் எழுப்புற மாதிரி ஆகும்."

"அதெல்லாம் பாத்துக்கிரலாம்மா."

"சரி சார். உக்காரட்டும்."

ஆள் போனதும் நான் பதறினேன். "என்னக்கா சம்மதிச்சுட்டீங்க? அன்னைக்குக் கேமரா படுத்துரும். நம்ம பெட்டி பேரே கெட்டுப் போகும்."

"பெட்டி ஓடும். நான் எழுதுனது ஓடாமப் போகுமா? நான் சொல்லித்தான் உக்கார வச்சிருக்கேன், நீ சாட்சி. எங்கப்பாட்ட யாரும் முன்னாடி சொல்லல" என்று சொல்லிவிட்டுத் திரும்பித் தட்ட ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்க டீக்கடைக்காரரைக்கூட விசாரிக்கப் போகவில்லை.

நிகழ்ச்சி அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மல்லாங்கிணறு, ரெட்டியபட்டிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் இதற்கும் வந்திருந்தார்கள். பின்னால் சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கிற வாசம். மேடையில் ஒரு தறி, அதன் மேலே எங்கள் கேமரா, பக்கத்தில் ஆள் உயர டிவி. டிவியில் மேனேஜர் கும்பிட்டுக்கொண்டிருக்க, டிவிக்குப் பக்கத்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரெண்டு மேனேஜர். பேசினார், பேசினார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "ம், கேமராவைப் போடும்மா" என்றார்.

அக்கா போட்டார். டிவியில் மேனேஜர் கும்பிட்ட கையோடு அப்படியே உறைந்தார். எனக்கு நடந்தது புரிந்தது: கேமரா இடம் கேட்கிறது, கெர்னல் எழுப்பிப் பார்க்கிறது, டிஸ்பிளே மாட்டேன் என்கிறது. மூச்சை இழுத்து விடுகிற நேரம் கடந்தது. பிறகு மேனேஜர் படம் பட்டென்று அணைந்தது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்து, கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில்:

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க. அடுத்த பந்தியில பாத்துக்கிரலாம்."

அது மறைந்ததும் கேமரா படம் வந்தது. தறியில் ஓடுகிற துணி, தலைமுடி அகலத்தில் அறுந்த இழை, அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். பெட்டி அன்று மாதிரி என்றைக்கும் வேலை செய்ததில்லை. ஆனால் துணியை யார் பார்த்தார்கள்? முதலில் சிரித்தது முன்வரிசைத் தறிக்காரர் ஒருவர். அன்றைக்குப் பந்தியில் எங்களுக்கு எதிர் இலையில் இருந்தவர்.

"ஏப்பா, இது இதே மண்டபத்துல கேட்ட பேச்சாவுல்ல இருக்கு!"

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் வராதவர்களுக்குக் காதில் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. மைக்கை மூட மறந்து கேட்டார்.

"யாரு இதை எழுதுனது?"

"நாந்தான் சார்" என்றார் அக்கா. "எந்திரிக்க மாட்டேங்கிற புரோகிராமை வெளிய தள்ளுறப்போ ஒரு வார்த்தை சொல்லணும்ல. மரியாதை கொறையக் கூடாதுன்னு நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதுனேன்."

மேனேஜர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு, சமையல்கட்டு வழியாக வெளியே போனார். பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். அவருக்கென்று முதல் வரிசையில் போட்டிருந்த இலை கடைசி வரை காலியாகவே கிடந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதன்பிறகு அந்த மனுஷர் எந்த விசேஷத்துக்குப் போனாலும், உட்காரப் போகிற நேரத்தில் எங்கேயாவது ஒரு குரல், "அண்ணாச்சி, அடுத்த பந்தியில பாத்துக்கிரலாமா?" என்று கேட்கும். யாவாரக் குடும்பம், பந்திக்குப் போகாமல் பொழப்பு நடக்காது. மொய்யை எழுதிவிட்டு வாசலோடு திரும்ப ஆரம்பித்தார். ஆளே இளைத்துப்போனார். எனக்குப் பாவமாக இருந்தது, அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன்.

"கண்மாய் பெருகுறப்ப, உள்ள வீடு கட்டுனவனுக்காகக் கரையில நின்னு அழுவியா தம்பி?" என்றார்.

முதலாளி அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். "அவரு எங்க வீட்டு வாசல்ல வந்து, அப்பாவைச் சாப்பிட வாங்கன்னு கூப்பிடட்டும் சார். அன்னைக்கே எடுத்துர்றேன்" என்றார் அக்கா. மேனேஜர் வரவில்லை. அக்கா வேலையை விட்டு மறுபடி வெளியூர் போய்விட்டார். எங்கள் பெட்டி இப்போதும் தறிகளில் ஓடுகிறது. எந்திரிக்க மறுக்கிற புரோகிராம் எதுவும் உள்ளே இருந்தால், இன்றைக்கும் அதே வரியைப் போட்டுவிட்டுத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த வரி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். மேனேஜர் ஆள் விட்டுக் கேட்டார். "பாத்துக்கிரலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது அந்த மண்டபம் இல்லை, அன்று மதியம் அவர் வீடு. விருந்து முடிந்ததும் சமையல்காரரிடம் ஒரு தூக்கில் சோறும், மற்ற தூக்குகளில் சாம்பாரும், ரசமும், மோரும், பாயசமும், நல்ல தலைவாழை இலையாக ஒன்றும் கேட்டு வாங்கினார். "வா தம்பி" என்று என்னையும் கூட்டிப் போனார். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா தெலுங்கில் நடந்ததைச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பெரியவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இத்தனை பாடுபட்டும் மனுஷருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை போல, 'விடும்மா' என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டார்.

"அவன் சாப்பிட்டுட்டுத்தான போனான்?"

"இல்லப்பா" என்றார் அக்கா. "கையைக்கூட நனைக்கல. அவரு இலை அப்படியே கெடந்துச்சு."

பெரியவர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தார்.

"அப்பச் சரி. இலையைப் போடு."

மடங்காத முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். இலைக்குத் தண்ணீர் தெளித்து, சோற்றை வகையாகப் பிரித்து, சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று ஒரு அவசரமும் இல்லாமல் சாப்பிட்டார். பாயசத்தை இலையிலேயே வாங்கி, விரலால் வழித்து நக்கினார். அக்கா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டியைப் பிடித்தபடி, ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் இலையின் மேல்விளிம்பைப் பிடித்தார். தன்னைப் பார்த்து மடித்தார்.